வலது புருவத்துக்கு மேல ஓர் அம்பு

எனக்குக் கோபம் மூக்கு மேல நிக்கும்னு இந்தக் கண் ஆஸ்பத்திரியில வாசல் காவலாளியிலேருந்து பெரிய டாக்டர் வரைக்கும் எல்லாருக்கும் தெரியும். ஆனா அன்னிக்கு அப்பா முகத்தைப் பார்த்ததும் கோபம் வரலை. குரலே வரலை.

ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல, பச்சை அங்கி, பச்சைத் தொப்பியோட சக்கர நாற்காலியில உக்காந்திருந்தார். வலது புருவத்துக்கு மேல ஊதா மையில ஓர் அம்புக்குறி. எந்தக் கண்ணுல ஆபரேஷனோ, அதுக்கு மேல சிஸ்டர் போடுற அடையாளம் அது.

அப்பாவுக்குப் புரை இடது கண்ணுல. வலது கண்ணாலதான் அவர் பேப்பர் படிக்கிறார், பஸ் நம்பர் பார்க்கிறார், என்னையும் பார்க்கிறார். இடது கண்ணுக்கு அளந்து வெச்சிருக்கிற லென்ஸைக் கொண்டுபோய் அந்த நல்ல கண்ணுல வெச்சா, அதுவும் போச்சு.

"என்னம்மா, பேயடிச்ச மாதிரி நிக்கறே?"ன்னு அப்பா சிரிச்சார். "உன் பேய் உன்னையே அடிச்சிடுச்சா?"

பேய்னு அவர் சொன்னது நான் எழுதின கம்ப்யூட்டர் ஸ்கிரிப்டை. இங்க கம்ப்யூட்டர் வேலை எல்லாம் என் பொறுப்பு. டாக்டருங்க எழுதுறது ஒரு சாஃப்ட்வேர்ல, தியேட்டருக்குப் போறது இன்னொண்ணுல. சண்டை போட்ட சம்பந்திங்க மாதிரி ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பேசாது. அதனால நான் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். அதுவே மவுஸை நகர்த்தும், திரையில ஜன்னலைத் திறக்கும், இங்கேருந்து எடுத்து அங்க டைப் பண்ணும். ஆள் இல்லாம மவுஸ் ஓடுறதைப் பார்த்துட்டு எல்லாரும் அதுக்குப் பேய்னு பேர் வெச்சாங்க. நான் பேய்க்கு அம்மா.

ஆரம்பத்துல அது அடிக்கடி நின்னு மானத்தை வாங்கும். ஜன்னல் திறக்கக் கொஞ்சம் தாமதமானா வெறும் திரையில டைப் பண்ணிட்டு முழிக்கும். யாராவது மேஜையைத் துடைக்கிறேன்னு மவுஸைத் தொட்டாலும் தடுக்கி விழும். உக்காந்து ஒவ்வொண்ணா சரி பண்ணினேன். ஜன்னல் வர்ற வரைக்கும் காத்திரு, மூடிக்கிட்டா மறுபடி திற, குறுக்க ஏதாவது பெட்டி வந்தா மூடிட்டுப் போய்க்கிட்டே இரு. அதுக்கப்புறம் அது ஒரு நாளும் நிக்கலை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு இல்லையா, கண்டவங்ககிட்டயெல்லாம் பெருமையடிச்சேன்.

இப்ப அந்த அம்புக்குறியை நோக்கி விரலை நீட்டினேன்.

"சிஸ்டர்!" ஒருவழியா குரல் வந்துச்சு. "இடது கண்ணு! அப்பாவுக்கு இடது!"

சிஸ்டர் கையில இருந்த தாளைப் புரட்டினாங்க. "வலதுன்னுதானே அக்கா வந்திருக்கு? அப்பாகிட்டயும் கேட்டேனே. வலது கண்ணுதானேன்னு கேட்டேன், ஆமாம்மான்னார்."

"உள்ள விடாதீங்க, இதோ வந்துடறேன்"னு சொல்லிட்டு என் மேஜைக்கு ஓடினேன். பேய் அசராம ஓடிக்கிட்டிருந்துச்சு. எந்தக் கண்ணுன்னு கேக்குற இடத்துல என் ஸ்கிரிப்ட் கீழ் அம்புக்குறி விசையை அழுத்தும். ஒரு தடவை அழுத்தினா வலது, ரெண்டு தடவை அழுத்தினா இடது. நேத்து தியேட்டர் சாஃப்ட்வேர் புதுசா மாறியிருக்கு. அதுல இடது மேல ஏறி உக்காந்திருக்கு, வலது கீழ போயிருக்கு.

அடப்பாவி! அது படிக்கவே இல்லை. எண்ணி எண்ணி அழுத்திக்கிட்டிருந்துச்சு. என்ன விழுந்துதுன்னு திரும்பிப் பார், ஒத்துப்போகலைன்னா அங்கேயே நின்னு கத்துன்னு நான் சொல்லிக்கொடுக்கவே இல்லை. நிக்காம ஓட மட்டும்தான் சொல்லிக்கொடுத்தேன். பிளக்கைப் பிடுங்கினேன்.

அப்புறம்தான் உறைச்சுது. காலையிலேருந்து உள்ள போனவங்க?

திரும்பி ஓடின ஓட்டத்துல ஒரு செருப்பு கழண்டு எங்கேயோ போச்சு. "சிஸ்டர், இன்னிக்கு எல்லாருக்கும் மாறிப் போச்சு! உள்ள போனவங்களுக்கெல்லாம்... ஐயோ, ஐயோ!" சுவரைப் பிடிச்சுக்கிட்டேன்.

"அக்கா, பதறாதீங்க." சிஸ்டர் என் தோளைப் பிடிச்சாங்க. "அவங்களுக்கெல்லாம் ஒண்ணும் ஆகலை. எல்லாம் மாறித்தான் வந்துச்சு. இந்தக் கண்ணுதானேன்னு கேட்டதும் ஒவ்வொருத்தரும், ஐயோ இதில்லம்மா, அதுன்னு கத்திட்டாங்க. டாக்டர் எழுதினதைப் பார்த்துட்டு நாங்களே பேனாவால அடிச்சுத் திருத்திட்டோம். உங்கப்பா தாள் ஒண்ணாவது சரியா வந்திருக்குன்னு நினைச்சுட்டேன்."

"எல்லாமே மாறி வந்துச்சா? எங்கிட்ட ஏன் ஒரு வார்த்தை சொல்லலை?"

சிஸ்டர் தரையைப் பார்த்தாங்க. "காலையில வரவேற்புப் பொண்ணு சொல்ல வந்துச்சு. முதல்ல மவுஸை நோண்டாம இருக்கக் கத்துக்கோ, அப்புறம் பேயைக் குறை சொல்லலாம்னு எரிஞ்சு விழுந்தீங்களாமே. அது அழுதுக்கிட்டே வந்துச்சு. அதான், எதுக்கு வம்புன்னு..."

நான் அப்படித்தான் சொன்னேன். டீ ஆறிப்போன எரிச்சல்ல, அந்தப் பொண்ணு முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்காம சொன்னேன்.

சிஸ்டர் ஸ்பிரிட்ல பஞ்சை நனைச்சு அப்பா நெத்தியைத் துடைச்சாங்க. ஊதா மை லேசுல போகலை, கறையா நின்னுச்சு. டாக்டர் எழுதினதை ரெண்டு தடவை சரிபார்த்துட்டு, இடது புருவத்துக்கு மேல புதுசா ஓர் அம்பு போட்டாங்க. நான் அப்பா பக்கத்துல தரையிலேயே உக்காந்துட்டேன்.

"ஏம்ப்பா, உங்களுக்குத் தெரியாதா எந்தக் கண்ணுன்னு? அவங்க கேட்டப்போ ஏன் ஆமான்னீங்க?"

அப்பா அந்த ஊதாக் கறையை விரலால தடவிப் பார்த்தார்.

"முதல்ல எனக்கும் திக்குன்னுதான் இருந்துச்சு. அப்புறம் இந்த சிஸ்டர் பொண்ணு, இது உங்க மகளோட கம்ப்யூட்டர்லேருந்து வந்ததுன்னு சொல்லுச்சு. எனக்கு முன்னாடி உக்காந்திருந்தவங்கெல்லாம் தப்பு, தப்புன்னு சத்தம் போட்டாங்க. எனக்கு எவ்வளவு கோபம் வந்துச்சு தெரியுமா? என் பொண்ணு செஞ்சது எப்படித் தப்பா இருக்கும்? டாக்டர்தான் கண்ணை மாத்தியிருப்பார்னு நினைச்சுக்கிட்டேன்."

சிஸ்டர் நாற்காலியை உள்ள தள்ளினாங்க. காலையிலேருந்து வந்த அத்தனை பேர்ல ஆமான்னு தலையாட்டினது எங்கப்பா ஒருத்தர்தான்.