வாசலோடு நின்ற தாய்மாமன்

ராக்கப்பனைப் பிடிவாதக்காரர் என்று சொல்லாதவர்கள் நல்லேப்பிள்ளியில் யாரும் இல்லை. அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. வாளையார் மண்டபத்தில் உடன்பிறந்த தங்கை மகளுக்குப் பத்தரைக்கு முகூர்த்தம். தாய்மாமன் பத்தேகாலுக்கே வாசலுக்கு வந்துவிட்டு, ஜீப்பைவிட்டு இறங்காமல் கல்லுப் பிள்ளையாராட்டம் உட்கார்ந்திருந்தால் ஊர் வேறென்ன சொல்லும்?

இறங்க முடியாத காரணம் பக்கத்து இருக்கையில் கிடந்தது. உறையில் போட்ட இரட்டைக்குழல் துப்பாக்கி. வயலை நாசம் பண்ணும் பன்றிகளுக்காக லைசென்ஸ் வாங்கியது. தேர்தல் வந்துவிட்டதால் எல்லாரும் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும், இன்றுதான் கடைசி நாள். போகிற வழியில் கொடுத்துவிட்டு அப்படியே கல்யாணத்துக்குப் போய்விடலாம் என்று எட்டு மணிக்கே போனார். அங்கேதான் கோட்டை விட்டார். ஆயுத அறைச் சாவி வைத்திருப்பவர் தேர்தல் வகுப்புக்குப் போயிருந்தார். "இரிங்க, இப்ப வரும்" என்று மலையாளத் தமிழில் சொல்லி ரைட்டர் ஒன்றரை மணி நேரம் பெஞ்சைத் தேய்க்க விட்டு, கடைசியில் "ஆள் வர உச்சயாகும். தோக்கைக் கொண்டுபோயிட்டு மதியத்துக்கு மேல வாங்க" என்றார். வீட்டில் வைத்துவிட்டு வர நேரமில்லை. ஆனது ஆகட்டும் என்று ஜீப்பை வாளையாருக்கு விட்டார்.

இந்தக் கல்யாணத்தை அவர் சாதாரணமாகவா நினைத்திருந்தார்! தங்கை மருதாத்தாள் வீட்டோடு பத்து வருடமாகப் பேச்சில்லை. கல்யாணப் பெண் கிருத்திகா வயசுக்கு வந்து நடந்த திரட்டிச் சீருக்கு இவர் சீர்த்தட்டோடு போனபோது, தங்கை புருஷன் காளிச்சாமி, "மச்சான், தட்டு உள்ள வர்றப்ப மேல பாத்து ரெண்டு வெடி போடுங்க, சனம் பாக்கட்டும்" என்றார். கூட்டத்துக்குள் துப்பாக்கி எடுக்க மாட்டேன் என்று இவர் சொல்ல, வார்த்தை முற்றி உறவே அறுந்துபோனது. இவர் மனைவி இறந்தன்றைக்கு வந்தார்கள், மாலை போட்டார்கள், வாய் திறக்காமல் போனார்கள். அதன்பிறகு இவர் வீட்டில் பேசுவது டிவி மட்டும்தான்.

போன மாதம் கிருத்திகாவே ஸ்கூட்டரில் வந்து பத்திரிகை நீட்டினாள். "மாமா, நீங்கதான் எனக்குப் பட்டம் கட்டோணும். வருவீங்கல்ல?" தாலிக்கு முன்னால் பெண்ணின் நெற்றியில் தாய்மாமன் பொன்பட்டம் கட்டுவது அவர்கள் வழக்கம். "வராம எங்க போறேன் சாமி" என்று சொல்லி அனுப்பிவிட்டு, துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார் மனுஷன்.

இப்போது கிருத்திகாவின் அண்ணன் நவீன்குமார் பட்டுவேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தான்.

"ஏனுங் மாமா, இங்க என்ன பண்றீங்க? ஐயர் கூப்பிடறாரு."

"துப்பாக்கி இருக்குது கண்ணு. ஸ்டேஷன்ல வாங்கிக்குல."

"வண்டியில வெச்சுப் பூட்டிட்டு வாங்க."

"உட்டுப்போட்டு நகரக் கூடாது."

"அப்ப எங்கிட்டக் குடுங்க, நான் உக்காந்துக்கறேன். காலியாத்தான இருக்குது?"

"லைசென்ஸ் எம்பேர்ல. அடுத்தவங்க கையில குடுக்கறதில்ல."

"சரி, உள்ளயாச்சும் தூக்கிட்டு வாங்க."

மண்டபத்துக்குள் அறுநூறு பேர். படிக்கட்டெல்லாம் குழந்தைகள். ராக்கப்பன் தலையை ஆட்டினார். நவீன்குமாருக்குச் சுருக்கென்றது. "அஞ்சு நிமிசம், மாமா. அஞ்சே நிமிசம்" என்று சொல்லிப் பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

காலியாத்தான இருக்குது. அவரும் ஒருநாள் அப்படித்தான் நினைத்தார். அந்தச் சீருக்கு மூன்று மாதம் முன்னால், வீட்டில் உட்கார்ந்து துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தார். குழலுக்குள் ஒரு தோட்டா தங்கியிருந்தது. வெடித்து, சமையலறைக் கதவைத் துளைத்துக்கொண்டு போனது. சோற்றுப் பானையை இறக்க அந்த நேரம் பார்த்து மனைவி குனிந்திருந்தாள், பிழைத்தாள். இரண்டு பேரும் யாரிடமும் மூச்சுவிடவில்லை. லைசென்ஸ் போய்விடுமே என்று பயம், அதைவிட வெட்கம். கதவில் விழுந்த ஓட்டையை மறைத்து அவள் ஒரு காலண்டரை மாட்டினாள். அவளும் போன பிறகு அந்த விஷயம் தெரிந்த ஆள் அவர் ஒருவர்தான்.

கடைசியில் மருதாத்தாளே வந்தாள். பத்து வருடத்தில் முதல் பேச்சு.

"அண்ணா, எறங்குங்க."

கதவைப் பற்றிச் சொல்லிவிட வாயெடுத்தார். "கூட்டமா இருக்குது மருதா" என்று மட்டும் வந்தது.

"எம்பொண்ணு கல்யாணத்துக்குக் கூட்டம் வரத்தானுங்க செய்யும்" என்றாள். திரும்பிப் பாராமல் நடந்தாள்.

பெண்ணின் தாய்மாமன் மேடைக்கு வரவும் என்று மைக்கில் மூன்று தடவை கூப்பிட்டார்கள். நாலாவது தடவை கூப்பிடவில்லை. கெட்டிமேளம் கொட்டியது. ஜீப்புக்குள் உட்கார்ந்தபடியே ராக்கப்பன் இரண்டு கையையும் தூக்கி, "நல்லா இரு சாமி" என்றார். அவ்வளவுதான் அவர் பார்த்த கல்யாணம்.

மதியம் ஸ்டேஷனில் ரைட்டர் துப்பாக்கியை மடக்கிக் குழலுக்குள் பார்த்தார். "காலியல்லோ" என்றார். "காலிதானுங்க" என்றார் இவர். ரசீதை வாங்கியதும் வந்த வழியே திரும்பினார். செக்போஸ்டில் லாரிகள் மைல் கணக்கில் நின்றன. ஹாரனை அடித்துத் தீர்த்தும் மண்டபம் போய்ச் சேர மூன்றரை ஆகிவிட்டது.

நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் புறப்பட்டுப் போயிருந்தார்கள். மேடையோரம் மருதாத்தாள் மட்டும் ஒரு தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தாம்பாளத்தில் பட்டம் அப்படியே இருந்தது.

"ஆரு கட்டுனது?" என்றார்.

"ஆரும் கட்டுல. ஒண்ணுவிட்ட மாமன் கருப்புசாமி வந்து நின்னாரு, வேண்டான்னுட்டா. மேடையில இருந்து பாத்தா உங்க ஜீப்பு தெரியுது. அதையே பாத்துட்டு வெறும் நெத்தியோட தாலி வாங்கிட்டா."

ராக்கப்பன் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தரையைப் பார்த்தபடி, கதவைத் துளைத்த தோட்டாவை முதலிலிருந்து கடைசிவரை சொன்னார். முடித்தபோது மருதாத்தாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி செத்தன்னிக்கு வந்தனே. அப்பவாச்சும் சொல்லியிருக்கலாமில்ல?"

"நீ ஒரு வார்த்தை பேசுவியான்னு பாத்துட்டிருந்தேன்."

"நானும் அதத்தானுங்கண்ணா பாத்துட்டிருந்தேன்."

வெளியே வேன் ஹாரன் அடித்தது. பெண் வீட்டு ஆட்களில் அவள் ஒருத்திதான் இன்னும் ஏறவில்லை. மருதாத்தாள் எழுந்தாள். அவர் தாம்பாளத்தைக் காட்டி, "மறுவூட்டுக்கு அவ வர்றப்ப…" என்று இழுத்தார்.

"தாலிக்கு மின்னத்தானுங்க பட்டம்" என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை. தாம்பாளத்தை அவர் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு வேனுக்கு நடந்தாள்.

பட்டம் அங்கேயே இருந்தது. அதைத் தொட அவருக்குக் கை வரவில்லை.