வெண்டலினின் கையெழுத்து

1

இந்தக் கதை நான் ஒட்டுக்கேட்டது. மேல்வீட்டு பால்கனியில் பேசினால் என் பால்கனியில் வந்து விழும். காதைப் பொத்திக்கொள்ளும் வயதில் நான் இல்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரில் டிராம் தடத்தை ஒட்டி, கார் நிறுத்தச் சாண் இடம்கூட விடாமல் எழுப்பிய குடியிருப்பில், அறுபத்தெட்டு வயது கெர்லிண்டேவுக்குக் காதல்…’

வேண்டாம். அரசாங்க அறிக்கை மாதிரி இருக்கிறது. பேச்சிலிருந்தே தொடங்குகிறேன்.

2

“ஒரே ஒரு கையெழுத்து, வெண்டலின். ‘என்கிட்ட கார் இல்லை’ன்னு. இங்க எல்லாரும் வருஷா வருஷம் போடறதுதான்.”

“என்கிட்டதான் இருக்கே!”

“வித்துடு.”

“அது இருபத்திரண்டு வருஷமா என்கூட இருக்கு. நீ என் வாழ்க்கைல வந்து எட்டு மாசம்தான் ஆகுது, அம்மணி.”

(இங்கே கெர்லிண்டே கோபப்பட்டதாக எழுதி அடித்துவிட்டேன். உண்மையில் சிரித்தாள்.)

வெண்டலினின் மலைக் கிராமத்துக்கு ஒரு நாளைக்கு இரண்டே பேருந்து. ரொட்டி வாங்கக்கூட கார் வேண்டும். கெர்லிண்டேயோ இந்தக் குடியிருப்புக்கே வரைபடம் போட்டவள். நிலத்தடி வாகன நிறுத்தத்தைச் சிவப்புப் பென்சிலால் அடித்துவிட்டு, முதலில் டிராம், அப்புறம்தான் வீடு என்று நகராட்சியோடு மல்லுக்கட்டியவள். கையெழுத்து விதியும் அவள் எழுதியதே. இன்று மாலை ஆறு மணிக்குள் போடாவிட்டால் அவர் அவளோடு குடிவர முடியாது.

3

விதி எழுதியவளே காரை ஒளிக்கத் துணைபோகும் அளவுக்கு இளகுவாளா என்று எனக்கே சந்தேகம். போன வாரம் கேட்டதைச் சொல்கிறேன்.

“காரை எங்க ஒளிச்ச?”

“டிராமோட கடைசி நிறுத்தத்துல. யார் வரப்போறா அங்க?”

“யாரும் பார்க்கலியே?”

“ஏழெட்டு பேர் வணக்கம் சொன்னாங்க.”

“அட அசடே! எங்க ஆளுங்க எல்லாரும் டிராம்லதானே இருப்பாங்க!”

4

முடிவு ஒன்று: அவர் காரை விற்கிறார். (நல்லவர்தான். ஆனால் இவ்வளவு நல்லவரா?)

முடிவு இரண்டு: அவள் மலைக்குப் போகிறாள். மூன்றாவது பேருந்து கேட்டு ஊராட்சியோடு சண்டை… (எனக்குப் பிடிக்கிறது. ஆனால் என் தலைக்கு மேலே அப்புறம் யார் பேசுவார்கள்?)

முடிவு மூன்று:

தோன்றவில்லை. மாடிக்கே போய்விட்டேன். மணி ஐந்தே முக்கால். மேஜைமேல் கையெழுத்துத் தாள்.

“என்ன முடிவு பண்ணீங்க?” என்று கேட்டேன்.

“உங்க கதை முடியணும்னு நான் காரை விக்கணுமா?” என்றார் வெண்டலின்.

“அவங்களுக்காக வேண்டாம்,” என்றாள் கெர்லிண்டே. “எனக்காக?”

அவர் பேனாவின் மூடியைத் திறந்தார். நான் இறங்கி வந்துவிட்டேன்.

அப்புறம் என்ன ஆயிற்று என்று நீங்களே போய்க் கேளுங்கள். டிராமில் போங்கள். காரில் போனால் நிறுத்த இடம் கிடையாது.