சாம்பியனின் மீசை

பதினாறு வருஷமாக அத்தான் வாயில் ஒரே கதைதான். கல்லூரிக் காலத்தில், ஒரு கேம் சென்டரில் நடந்த துப்பாக்கிச் சண்டைப் போட்டியின் கடைசிச் சுற்றில், தனி ஆளாக நாலு பேரைச் சாய்த்து அணியை ஜெயிக்க வைத்தாராம். அதன் பிறகு அவர் எதையும் ஜெயித்ததாகத் தகவல் இல்லை. வேலைகளை விட்டார், தொப்பை வளர்த்தார், கேமிங் சேனல் ஒன்று ஆரம்பித்தார். அக்கா ஆஸ்பத்திரி லேப்பில் வேலை பார்த்துக் குடும்பத்தை நடத்தினாள். தங்கை அவருக்கு மனதுக்குள் 'சாம்பியன்' என்று பெயர் வைத்திருந்தாள். அதில் மரியாதை துளியும் கிடையாது.

தங்கைக்கு ஒரு ஸ்டுடியோவில் வேலை. பழைய வீடியோக்களை ஏஐ வைத்துத் தெளிவாக்கிக் கொடுப்பார்கள். அது தெரிந்ததும் அத்தான் பழைய பென்டிரைவோடு வந்து நின்றார். யாரோ செல்போனில் பிடித்த இரண்டு நிமிஷ வீடியோ. கஞ்சியைக் கொட்டிய மாதிரி இருந்தது. திரையில் புள்ளிகள் ஓடின. முன்னால் தொப்பியும் ஹெட்போனும் மாட்டிய ஒரு உருவம். "நல்லா பளிச்சுன்னு பண்ணிக் குடும்மா. சேனல்ல போடணும்" என்றார்.

ஏஐ வேலையை முடித்தது. சுவரில் செங்கல் முளைத்தது, சட்டைக்குப் பொத்தான் வந்தது. ஹெட்போனின் மைக் உதட்டருகே கறுப்பாக விழுந்திருந்ததை அது மீசை என்று எடுத்துக்கொண்டு, முறுக்கிய மீசையோடு ஒரு இளைஞனைச் செய்து வைத்திருந்தது. அத்தான் பூரித்துப் போனார். "அச்சு அசலா நானேதான்" என்றார்.

அவர் போன பிறகு தங்கை மூல வீடியோவை மறுபடி ஓட்டினாள். உருவத்தின் மவுஸ் கீபோர்டுக்கு இடது பக்கம் இருந்தது. இடது கைதான் அதை ஆட்டிக்கொண்டிருந்தது. அத்தான் வலது கைக்காரர். அந்த வீட்டில் இடது கையால் எழுதுகிறவள், வெட்டுகிறவள், தைக்கிறவள் அக்கா ஒருத்திதான்.

அன்று சாயங்காலமே போய்க் கேட்டாள். அக்கா துணி மடிப்பதை நிறுத்தவில்லை. கடைசிச் சுற்றில் அவருக்குக் கை நடுங்கிவிட்டது, எழுந்து போய்விட்டார், அதே கல்லூரியில் படித்து, அன்று பக்கத்தில் நின்ற தான் அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்ததாகச் சொன்னாள். கூட ஆடியவர்கள் சிரித்துவிட்டு மறந்துவிட்டார்களாம்.

"இத்தனை வருஷம் வாயே திறக்கலையேக்கா?"

"அவருக்கு இருக்கறது அது ஒண்ணுதான். போனாப் போகுதுன்னு விட்டுட்டேன்."

தங்கைக்கு ஒரு கணம் கூசியது. தன் வெறுப்பெல்லாம் இந்த அலட்சியத்துக்கு முன்னால் சின்னப் பிள்ளை விளையாட்டு.

வீடியோ சேனலில் நன்றாக ஓடியது. இடது கையா என்று கமெண்டில் ஒருவர் கேட்க, அந்தக் காலத்தில் இரண்டு கையாலும் ஆடுவேன் என்று அத்தான் அளந்துவிட்டார். அப்படியானால் நேரலையில் ஆடிக் காட்டுங்கள் என்று நூறு பேர் பிடித்துக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, மவுஸை இடது பக்கம் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முதல் சுற்றில் சுவரைச் சுட்டார். இரண்டாவதில் சொந்த அணிக்காரனைச் சுட்டார். மூன்றாவதில் ஒன்றையும் சுடுவதற்குள் செத்தார். பார்த்தவர்கள் சிரிப்பு முகங்களாகப் போட்டுத் தள்ளினார்கள்.

"மவுஸ் சரியில்லை" என்றார் அத்தான்.

சோபாவில் இருந்த அக்கா எழுந்து வந்தாள். "மவுஸ் நல்லாத்தான் இருக்கு. தள்ளுங்க."

அவர் நகர்ந்தார். ஐந்தாறு நிமிஷம் அவள் கை தடுமாறியது, இரண்டு முறை செத்தாள். பிறகு விரல்களுக்கு ஞாபகம் வந்துவிட்டது. ஒருவன், இரண்டு பேர், மாடிப்படியில் ஒளிந்திருந்த மூன்றாமவன். நாலாவது ஆளை அவன் திரும்புவதற்குள் முடித்தாள். யார் இந்தம்மா, யார் இந்தம்மா என்று கேள்விகள் குவிந்தன. அதே இடது கை என்று ஒருவர் கண்டுபிடித்தும் விட்டார்.

அத்தான் குனிந்து கேமராவுக்குள் முகத்தை நீட்டினார்.

"நான் சொல்லிக் குடுத்ததுதான்."

அக்கா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த சுற்றுக்குப் பொத்தானை அழுத்தினாள்.