எப்போ திரும்பிப் போறே

...எப்போ திரும்பிப் போறே என்று கேட்டதில் என்ன தப்பு, இந்த டொபாகோத் தீவில் விமானத்தை விட்டு இறங்குகிற யாரைப் பார்த்தாலும் கேட்கிற கேள்விதானே, டாக்ஸிக்காரன் கேட்பான், ரொட்டிக் கடைக்காரி கேட்பாள், பாதிரியார்கூடக் கேட்பார்... ஆல்ரிக் சுக்கானை இடப்பக்கம் திருப்பினான், பவளப்பாறை வந்துவிட்டது, வாய் பாட்டுக்குத் தன் வேலையைப் பார்த்தது, எல்லாரும் படகோட அடியில இருக்கிற கண்ணாடியைப் பாருங்க, அது மேல காலை வைக்காதீங்க, அந்த நீலமா போறது கிளிமீன், பவளத்தைக் கடிச்சுத் தின்னுட்டு மணலா வெளியே விடும், கரையில நீங்க படுத்துப் புரள்றீங்களே, அந்த மணல் இதோட பின்பக்கத்துலேர்ந்து வந்ததுதான். டிரினிடாடிலிருந்து கப்பலேறி வந்திருந்த குடும்பம் கொல்லென்று சிரித்தது. படகின் முனையில் தனியாக உட்கார்ந்திருந்த தலிசா சிரிக்கவில்லை. பதின்மூன்று வயது. மூன்று வயதில் அவள் அம்மா மார்வாவோடு இங்கிலாந்து போனவள், இப்போதுதான் அப்பனைப் பார்க்க வந்திருக்கிறாள், வந்து ஐந்து நாளாகிறது, இன்னும் ஒரு தடவைகூட அப்பா என்று கூப்பிடவில்லை, ஆல்ரிக் என்கிறாள், வாடகைக் கார் கொண்டுவந்தவனைக் கூப்பிடுகிற மாதிரி.

விமான நிலையத்தில் அவளைப் பார்த்ததும் பேச வேண்டும் என்று சேர்த்து வைத்த ஒன்றும் வரவில்லை, வாய்க்குப் பழக்கமானதுதான் வந்தது, எப்போ திரும்பிப் போறே. அவள் பெட்டியின் கைப்பிடியை இறுக்கிக்கொண்டு, பதினாலு நாள்தான், உங்களுக்குத் தொந்தரவா இருக்க மாட்டேன் என்றாள். பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்தான், அவ்வளவுதான். எத்தனை நாள் என்று தெரிந்தால்தானே எத்தனை நண்டுக்குச் சொல்லி வைப்பது, எந்த ஞாயிறு யார் வீட்டுக்குக் கூட்டிப்போவது... இதையெல்லாம் அவளிடம் எப்படி விளக்குவது, நண்டுக் குழம்பில் நண்டை ஒதுக்கிவிட்டு வெறும் மாவுருண்டையை மரியாதையாகத் தின்கிற பெண்ணிடம்? மார்வாவும் இப்படித்தான், கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். இங்கிலாந்துக்குப் போய் மகளைப் பார்த்துவிட்டு வரலாம், அடுத்த வருடம் போகலாம் என்று பத்து வருடத்தை ஓட்டியவன் யார், அவளா?

என்ன கேப்டன், உங்க டொபாகோவுல படகும் தூங்கிக்கிட்டேதான் போகுமா என்றாள் ஒலிவ் அம்மாள், டிரினிடாட் குடும்பத்தின் தலைவி, துவரையும் கோழியும் போட்ட சோற்றுப் பானையை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு பேர் இடத்தை அடைத்திருந்தவள். மற்ற நாளாயிருந்தால் விட்டிருக்க மாட்டான், அந்தப் பானையை இறக்கி வைங்க, படகு பறக்கும் என்றிருப்பான். அவள் அதற்குள் தலிசா பக்கம் திரும்பிவிட்டாள். நீ யாரு குட்டி, கேப்டன் மகளா, மூக்கு அப்படியே இருக்கே, எப்ப வந்தே, எப்ப திரும்பிப் போறே? ஆல்ரிக்கின் கை சுக்கானில் நின்றுவிட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை என்றாள் தலிசா, தரையைப் பார்த்துக்கொண்டு. அவ்வளவு சீக்கிரமாவா, நல்லா இருக்கே, உப்புத் தண்ணி காதுலேர்ந்து வடியறதுக்குள்ள பெட்டியைக் கட்டுவியா, இந்தா ஒரு வாய் சோறு தின்னு. தலிசா நிமிர்ந்து பார்த்தாள். ஒலிவ் அம்மாளைப் பார்த்தாள், அப்புறம் அவனைப் பார்த்தாள்.

அவ்வளவு சீக்கிரமாவா... ஆமாம், அதுதானே அடுத்த வரி, எவ்வளவு நாள் சொன்னாலும் அதைத்தான் சொல்வோம், ஆறு மாதம் என்றாலும் அதைத்தான், அதைச் சொல்லத்தானே முதல் கேள்வியே. பாதியைக் கேட்டுவிட்டு மீதியை முழுங்கியிருக்கிறான். ஐந்து நாளாகப் பிள்ளை அந்தப் பாதியைச் சுமந்துகொண்டு அவன் வீட்டில் வளைய வந்திருக்கிறாள். மடையன், மடையன்.

நைலான் குளம் வந்தது, நடுக்கடலில் இடுப்பளவுத் தண்ணீர், அடியில் வெள்ளை மணல். எஞ்சினை நிறுத்தினான். வாய் பாட்டுக்குச் சொன்னது, இதுல முங்கி எழுந்தா பத்து வயசு குறையும், பொண்டாட்டியை அடையாளம் தெரியலேன்னா என்கிட்ட வராதீங்க. பத்து வயது குறைந்தால் தலிசாவுக்கு மூன்று. இருபது வருடமாகச் சொல்கிற ஜோக், இன்று சொல்லி முடித்த பிறகுதான் அவன் காதில் விழுந்தது. எல்லோரும் தொபுக்கென்று இறங்கினார்கள், ஒலிவ் அம்மாள் பானையோடு இறங்கப் பார்த்தாள், பிள்ளைகள் பிடுங்கி வைத்தார்கள். தலிசா ஏணியில் மெல்ல இறங்கி, கொஞ்ச தூரம் நடந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு முறை முங்கினாள். எழுந்ததும் தலைமுடியெல்லாம் முகத்தில் அப்பிக்கொண்டு... சின்ன வயதில் குளிப்பாட்டும்போது இப்படித்தான் கண்ணை இறுக்கி மூடுவாள். அவளை அள்ளித் தோளில் போட்டுக்கொள்ள வேண்டும் போலிருந்தது, பதின்மூன்று வயதுப் பெண்ணை எப்படி அள்ளுவது? சொல்லிவிடலாம், இப்போதே, அந்த இரண்டு வார்த்தையை, ஆனால் ஐந்து நாள் பிந்திச் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம்? கிளம்ப நேரமாகிவிட்டது, சங்கை எடுத்தான், ஊதினால் எல்லோரும் ஏறிவிடுவார்கள். தலிசா ஏணியடிக்கு வந்து படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். எப்போ திரும்பிப் போறோம் என்று கேட்டாள். இதோ, இப்பவே, என்றான் அவன். அவள் முகத்துத் தண்ணீரை வழித்துவிட்டு அவனையே பார்த்தாள், சிரிக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

அவ்வளவு சீக்கிரமாவா, என்றாள்.

குளத்தை விட்டுப் போவதைத்தான் சொல்கிறாளா? சங்கு உதட்டருகே இருந்தது, அவன் ஊதவில்லை.