கதவுக்குள் இருந்த ஸ்பீக்கர்

கார் ஸ்டீரியோ மெக்கானிக் மேல் காண்ட்ராக்டருக்குத் துளியும் நம்பிக்கை இல்லை. ஸ்பீக்கர் கரகரக்கிறதென்று அவர் கொண்டுவந்திருந்தது, பழசானாலும் சொகுசு ஜீப். அதன் கம்பெனி ஸ்பீக்கருக்கே தனி கிராக்கி. தான் ஓட்டிய அந்த ஜீப்பை அவர் தலையில் கட்டிய மச்சினனும் காவலுக்குக் கூடவே வந்திருந்தான்.

"டீ குடிக்கக்கூட நகராதீங்க மாமா. கண்ணசந்தா ஒரிஜினலைக் கழட்டிட்டு டூப்ளிகேட்டை மாட்டிடுவானுங்க," என்று காதைக் கடித்தான்.

காண்ட்ராக்டர் ஸ்டூலைக் கதவோரமாக இழுத்துப் போட்டு, மெக்கானிக்கின் கையையே முறைத்தபடி உட்கார்ந்தார். கதவின் உள்பலகையைக் கழற்றிய மெக்கானிக் உதட்டைப் பிதுக்கினான்.

"சார், இது கம்பெனி ஸ்பீக்கரே இல்ல. ஏதோ மலிவுச் சரக்கை வச்சு டேப் சுத்தியிருக்காங்க."

"யாருக்குக் காது குத்துற? வண்டி என் கைக்கு வந்ததுலேருந்து இந்தக் கதவை எவனும் தொட்டதில்ல!"

"உங்க கண்ணு முன்னாடிதானே சார் திறந்தேன்? டேப் மேல தூசியைப் பாருங்க."

தூசி கனமாகத்தான் படிந்திருந்தது. மச்சினன் வீட்டு ஹால் ஸ்பீக்கரில் பாட்டு அதிரும்போதெல்லாம் தான் சபாஷ் போட்டது காண்ட்ராக்டருக்கு ஞாபகம் வந்தது. மெல்லத் திரும்பினார்.

மச்சினன் அதற்குள் வாசலுக்குப் போயிருந்தான்.

"நீங்க பாத்துக்கிட்டே இருங்க மாமா. நான் ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறேன்."