சூடேறும் வரை

செம்புச் சுரங்க ஊரான கிட்வேயில், சுரங்க மோட்டார்களுக்குக் காயில் கட்டும் பட்டறையில் கபாசோவுக்கு ஒரே வேலை. கட்டி முடித்த மோட்டாரை உலைக்குள் வைத்து, பாதாளத்தில் அது எவ்வளவு கொதிக்குமோ அவ்வளவு சூடேற்றி, மெக்கர் என்ற சோதனைக் கருவியை மாட்டி, காயிலிலிருந்து இரும்பு உடம்புக்கு மின்சாரம் கசிகிறதா என்று பார்ப்பாள். குளிர்ந்து கிடக்கும்போது கசிவைத் தடுக்கும் எந்தக் காப்பும் நல்ல பிள்ளைதான். சூடேறினால்தான் அதன் யோக்கியதை தெரியும்.

அன்று உலையில் இருந்தது, அவள் தம்பி முபாங்கா சுரங்கத்தின் அடியில் பார்த்துக்கொள்ளும் பம்பின் மோட்டார். பாதிச் சூடு ஏறுவதற்குள் பட்டறை ஸ்டோர்காரரின் தாய் இறந்த சேதி வந்தது. சாவு வீட்டுக்குப் போகாத ஆளை அந்த ஊரில் யாரும் மனுஷராக மதிப்பதில்லை. ஆளில்லாமல் உலையை எரியவிட முடியாதென்று மேஸ்திரி சிசாங்கா அதை அணைத்தார்.

"மேஸ்திரி, நான் மட்டும் இருந்து இதை முடிச்சிட்டு வரேனே."

"சோலாம்மா, உனக்கென்ன கிறுக்கா? நாளைக்கு உன் வீட்ல ஒண்ணுன்னா இந்த மோட்டாரா வந்து உக்காந்து அழும்?"

எல்லாரும் சிரித்தார்கள். சோலாவின் அம்மா கபாசோவும் சிரித்துவிட்டு லாரியில் ஏறினாள்.

அடக்கம் முடிந்து திரும்பியபோது மோட்டார் ஜில்லிட்டிருந்தது. சுரங்கத்து வண்டி வாசலிலேயே நின்றது. கீழே தண்ணீர் ஏறுகிறதென்று டிரைவர் கத்தினான். வேறு வழியில்லாமல் அவள் குளிர்ந்த மோட்டாரிலேயே மெக்கரை மாட்டினாள். கசிவே இல்லை என்று முள் சமர்த்தாக மேலே போய் நின்றது.

"பாத்தியா? தங்கம்! ஏத்தி அனுப்பு," என்றார் மேஸ்திரி.

அவளுக்கு மனசு ஒப்பவில்லை. ஆனாலும் 'சரி' என்று பச்சைச் சாக்குக்கட்டியால் கோடு போட்டது அவள் கைதான்.

கீழே மோட்டார் ஓடி ஓடிக் கொதித்ததும் காப்பு காலை வாரிவிட்டது. கசியும் மின்சாரத்தை மண்ணுக்குக் கடத்தவேண்டிய எர்த் கம்பியோ எப்போதோ துருப்பிடித்து அறுந்திருந்தது. தண்ணீரில் நின்று வால்வைத் திருப்பப் போன முபாங்கா, மோட்டார்மேல் ஒரு கையை ஊன்றினான். அதோடு சரி.

சாவு வீட்டில் பெண்களோடு தரையில் கிடந்தாள் கபாசோ. நான்தான் கொன்றேன் என்று கத்தத் தோன்றியது. பட்டறை ஆட்கள் ஒருவர் பாக்கியில்லாமல் வந்து நின்றார்கள். அவள் தலை நிமிர்ந்தது.

"மேஸ்திரி, உலையில என்ன இருக்கு?"

"பக்கத்துச் சுரங்கத்துப் பம்பு மோட்டாரு. அணைச்சிட்டுத்தாம்மா வந்தோம். நீ அதை நினைக்காத."

"சாவியைக் குடுங்க."

"சோலாம்மா, இன்னும் பெட்டியைக்கூட எடுக்கல..."

"குடுங்கன்னா!"

அவள் எழுந்து வெளியே நடந்தாள். "கூடப் பிறந்தவளா இவ? தூ!" என்று சித்தி துப்பியது முதுகில் கேட்டது. இனி அவள் வீட்டுச் சாவுக்கு யார் வருவார்கள்?

உலையை மூட்டி, மோட்டாருக்கு முன்னால் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். பாட்டோடு தம்பியின் பெட்டி தெருவைக் கடந்து போனது. சூடு இன்னும் ஏறவில்லை, அவளும் எழுந்திருக்கவில்லை.