ரத்தக் காட்டேரி மாப்பிள்ளை

அமுதவல்லி டீச்சருக்கு நாற்பத்து நாலு வயதில் வந்த நோயை வெளியில் சொல்ல முடியாது. பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி பெஞ்சுக்கடியில் வைத்து ஆங்கில நாவல் படித்துக்கொண்டிருந்தாள். அமுதவல்லி அதைப் பிடுங்கினாள், ஒழுக்கத்தைப் பற்றி வகுப்புக்கே ஒரு பாட்டுப் பாடினாள், கருவடிக்குப்பத்து வீட்டுக்குக் கொண்டுபோய் அந்தக் கண்றாவி என்னதான் என்று பிரித்தாள். பனி கொட்டும் ஊர், இடிந்த மாளிகை, அங்கே வேலைக்கு வரும் சின்னப்பெண், வெளுத்த முகமும் சில்லிட்ட கையுமாக மாளிகைக்காரன். ரத்தக் காட்டேரியாம். இருநூறு வயதாம். பார்த்தால் இருபதாம்.

சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தாள். அவன் அந்தப் பெண்ணைக் கடிக்காமல் இருப்பதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னலோரம் நிற்கும் கட்டம் வந்தபோது அடுப்பில் பால் பொங்கி வழிந்து, தீய்ந்த வாடை கூடம் வரைக்கும் வந்துவிட்டது. மின்துறையில் வேலை பார்க்கும் கணவர் நாராயணசாமி வந்து அடுப்பை அணைத்தார். நல்ல மனிதர். ஆனால் அவர் எதற்காகவும் பல்லைக் கடித்து அவள் பார்த்ததில்லை.

பறித்த புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் காந்தி வீதி நடைபாதைக் கடைகளில் அந்த ஜாதிப் புத்தகமாகப் பொறுக்கிக்கொண்டு வந்தாள். எல்லாவற்றுக்கும் பழுப்புத் தாளில் அட்டை. மேலே 'இலக்கணப் பயிற்சி' என்று அழகான கையெழுத்து. அந்த அட்டைக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தவள் அக்கா மகள் கவிநிலா மட்டும்தான். பி.காம். முடித்துவிட்டு வீட்டில் இருந்தவள் சைக்கிளை எடுத்துக்கொண்டு சித்தி வீட்டுக்கு வந்துவிடுவாள். லீவு நாளில் மத்தியானம் முழுக்க இரண்டு பேரும் ஒரே பாயில் கவிழ்ந்து படுத்துப் படிப்பார்கள். ஆங்கிலம் நன்றாக வருகிறது என்று அவளுடைய அப்பா கோவிந்தராசு பார்ப்பவரிடமெல்லாம் பெருமையடித்தார்.

அந்தச் சமயத்தில்தான் பிரெஞ்சு மாப்பிள்ளை வந்தான்.

புதுச்சேரியில் நேஷனாலிட்டி, அதாவது பிரெஞ்சுக் குடியுரிமை, உள்ள மாப்பிள்ளை என்றால் தராசில் மறுதட்டில் எதை வைத்தாலும் மேலே போய்விடும். பிரேம்குமாரின் தாத்தா சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அப்பா பிரான்சிலேயே இருந்து செத்தார். பாரிசுக்குப் பக்கத்தில் அம்மாவும் பிள்ளையும் சொந்த வீட்டில் இருந்தார்கள். மில்லை மூடியபிறகு வாட்ச்மேன் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த கோவிந்தராசுவுக்கு இப்படி ஒரு சம்பந்தம் கனவில்கூட வந்திருக்காது. நகை கேட்கவில்லை, சீர் கேட்கவில்லை. நட்சத்திரம் கேட்டார்கள். கூடவே பெண்ணுடைய ரத்த குரூப் என்ன என்று கேட்டார்கள்.

விசாவுக்காக இருக்கும் என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். சித்தியும் மகளும் பாயில் உருண்டு உருண்டு சிரித்தார்கள். "மாப்ள குடிச்சுப் பாத்துட்டுத்தான் தாலி கட்டுவாராம்டீ," என்றாள் அமுதவல்லி.

பெண் பார்க்க வந்த அன்று அவன் வெயில் படாத மூலையில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். கேசரியைத் தொடவில்லை, பஜ்ஜியைத் தொடவில்லை. தண்ணீரில் மட்டும் பறவை மாதிரி உதட்டை நனைத்துக்கொண்டு டம்ளரை வைத்துவிட்டான். சாம்பல் பூத்த வெளுப்பு. அவனுக்குத் தமிழ் சரியாக வராது. இங்கிலீஷில் பேச அந்த வீட்டில் பெண்ணைத் தவிர வேறு ஆள் இல்லாததால் அமுதவல்லியைத்தான் எதிரில் உட்கார வைத்திருந்தார்கள். புத்தகம் படிப்பீர்களா என்று கேட்டாள். நிறையப் படிப்பேன், மணிக்கணக்கில் ஒரே இடத்தில் உட்கார வேண்டியிருக்கிறது என்றான். போகும்போது கை கொடுத்தான். ஐஸ்.

ஜன்னலோரம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றவன் அமுதவல்லிக்கு ஞாபகம் வந்தான். நாற்பத்து நாலு வயதில், சொந்த அக்கா மகளைப் பார்க்க வந்தவனைப் பார்த்து. நினைத்தால் வெட்கக்கேடு.

கவிநிலா அவளைச் சமையற்கட்டுக்கு இழுத்துப் போனாள். புடவையில் அவளுக்கு வேர்த்துக் கொட்டியிருந்தது. "எனக்கு என்னமோ மாதிரி இருக்கு சித்தி. அந்த ஆள்கிட்ட ஏதோ சரியில்ல. நீ வேணாம்னு ஒரு வார்த்தை சொன்னா அப்பா விட்டுடுவாரு."

உண்மைதான். அந்தக் குடும்பத்தில் முதலில் காலேஜ் வாசலை மிதித்தவள் அமுதவல்லி. வீடு கட்டுவதானாலும் காது குத்துவதானாலும் அவள் வாயைத்தான் பார்ப்பார்கள்.

"கூச்சம்டீ அது," என்றாள். "வந்த எடத்துல அள்ளித் தின்றவனையா கட்டிக்கப்போற? ஆழமான ஆளு. எனக்குப் புடிச்சிருக்கு."

கூடத்துக்குப் போய் அதையே கோவிந்தராசுவிடமும் சொன்னாள். கல்யாணம் முடிந்து, கான்சலேட்டில் பதிந்து, விசா வந்து கவிநிலா விமானம் ஏறினாள்.

பனி பெய்வதைப் பற்றிச் சொன்ன போன்கள் கொஞ்ச நாள் வந்தன. அப்புறம் ஒருநாள் பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் செல் அதிர்ந்தது. அமுதவல்லி தண்ணீர்க் குழாயடிக்கு ஒதுங்கிப்போய் எடுத்தாள்.

அவனுக்கு இரண்டு கிட்னியும் போய் வருஷக்கணக்காகிறது என்றாள் கவிநிலா. ஒருநாள் விட்டு ஒருநாள் ஆஸ்பத்திரியில் ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் பண்ணி உள்ளே விடுகிறார்கள். மாமியார் அஞ்சலாட்சிக்குச் சர்க்கரை, அவள் கிட்னி கொடுக்க முடியாது. கவிநிலாவின் குரூப் சேருகிறது, அவள் ஒன்று கொடுக்க வேண்டுமாம்.

அமுதவல்லி குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்று பார்த்ததெல்லாம் உப்புப் பத்தியம், தண்ணீருக்கு அளவு, சோகை. அதைத்தான் இவள் ஆழம் என்றாள். ஆறாம் வகுப்புப் பிள்ளை பார்த்திருந்தால்கூட, இந்த அண்ணனுக்கு உடம்பு சரியில்லையா டீச்சர் என்று கேட்டிருக்கும்.

அக்கா வீட்டுக்கு ஓடினாள். அக்கா பாக்கியலட்சுமி சண்டை போடவில்லை. நீதானே எதிரில் உட்கார்ந்து பார்த்தாய், நீதானே பிடித்திருக்கிறது என்றாய் என்றாள், அவ்வளவுதான். கோவிந்தராசு தரையைப் பார்த்துக்கொண்டு, கட்டிக்கொடுத்தாச்சு, கடவுள் இரண்டு கொடுத்திருக்கிறார், ஒன்று போனால் போகிறது என்றார். சொல்லிவிட்டு எழுந்து போய் வாசலில் நெடுநேரம் நின்றார்.

அடுத்த வாரம் மறுபடியும் போன் வந்தது.

"சித்தி, இங்க ஒரு சட்டம் இருக்கு. குடுக்கறதுக்கு முன்னாடி ஜட்ஜ் என்னைத் தனியா கூப்டுக் கேப்பாராம். மாமியாரெல்லாம் வெளில இருக்கணும். இஷ்டமா இல்லையான்னு. என்ன சொல்லட்டும்?"

"ஒனக்கு என்ன தோணுது?"

"எனக்குத் தோணுனத நான் அன்னிக்கே சொன்னேன்."

அமுதவல்லி கண்ணை மூடிக்கொண்டாள். "இல்லைன்னு சொல்லு."

"அவர் செத்துட்டா?"

"சாகலாம். இல்லைன்னு சொல்லிட்டு வந்துடு."

கவிநிலா சொன்னாள். வந்துவிட்டாள். அப்பன் வீட்டில் முகம் கொடுத்துப் பேச ஆளில்லாமல் ஒரே பெட்டியோடு கருவடிக்குப்பத்துக்கு வந்தாள். நாராயணசாமி ஒன்றும் கேட்காமல் பெட்டியை உள்ளே தூக்கி வைத்தார். பழுப்பு அட்டை போட்ட புத்தகங்கள் அலமாரியிலேயே கிடந்தன. இரண்டு பேருமே அந்தப் பக்கம் போகவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் செய்தி வந்தது. வேறு கிட்னி கிடைக்கிற வரைக்கும் பிரேம்குமாரின் இதயம் தாங்கவில்லை.

கவிநிலா சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். "நான் குடுத்திருந்தா இருந்திருப்பாரு இல்ல சித்தி?"

எதற்கும் ஒரு கிண்டலைத் தயாராக வைத்திருக்கும் வாய் அமுதவல்லியுடையது. "இருந்திருக்கலாம்," என்றாள்.

"சரின்னு சொன்னதும் நீதான். இல்லைன்னு சொல்லச் சொன்னதும் நீதான்."

"ஆமா. ரெண்டும் நான்தான். நீ அதத் தூக்கிக்காத."

கவிநிலா சோற்றைப் பிசைந்தாள், வாயில் வைக்கவில்லை. "எனக்கு டிக்கெட் எடுத்துக் குடுத்தது யாருன்னு நெனைக்கிற? அவருதான். அவங்க அம்மாவுக்குத் தெரியாம. ஏர்போர்ட்டுக்கும் அவரே வண்டி ஓட்டிட்டு வந்தாரு. அன்னிக்கு அவருக்கு மெஷின்ல படுக்கற நாளு. போவல."

வெளியே மழை பிடித்துக்கொண்டது. அமுதவல்லி தன் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு அவள் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள். இத்தனை நாளில் அந்த மனிதனைப் பற்றி அவள் கேட்காத கேள்வி ஒன்று இருந்தது.

"அவரு எப்படிப்பட்டவருடீ?"

கவிநிலா கையில் ஒட்டிய பருக்கைகளைத் தட்டில் உதறினாள். அவனுக்கு மாங்காய் ஊறுகாய் என்றால் உயிர் என்று ஆரம்பித்தாள். தின்னக் கூடாதாம். பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு மூடி வைப்பானாம்.